அடிக்குறிப்புப் பட்டியலை எப்படிக் காட்டலாம்? சுங்கை சிப்புட் தோட்ட விக்கிக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றைத் தொகுத்து வரும் எங்கள் விக்கியில், பல பக்கங்களின் அடிப்பகுதி கட்டுரையைவிட நீண்டுவிட்டது. கைப்பேசியில் நாலு திரையில் கட்டுரை முடிந்தால், அதற்குக் கீழே மேற்கோள்கள் ஆறு ஏழு திரைக்கு ஓடுகின்றன. மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை நெருங்கிவிட்டதால் அந்தப் பட்டியலை இனி எப்படிக் காட்டுவது என்று இப்போதே முடிவெடுத்தாக வேண்டும். இருப்பதை அப்படியே விடுவது, இரண்டு நெடுவரிசையாக வெட்டுவது, திரை அகலத்துக்கு ஏற்பத் தானாகப் பிரிய விடுவது, உருட்டுப் பெட்டிக்குள் அடைப்பது, மடித்து மூடிவைப்பது, எண்ணைத் தொட்டதும் குறிப்பு மேலெழச் செய்வது என்று குழுவில் பல யோசனைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் பார்த்து என் கருத்தை எழுதுகிறேன். பட்டியலை மறைக்கிற எந்த வழியும் எனக்கு உடன்பாடில்லை. அதன் காரணம் மென்பொருளில் இல்லை, நம் ஊரில்தான் இருக்கிறது. அதனால் ஊரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு அப்புறம் நெடுவரிசைக்கு வருகிறேன்.

எல்பில், கமுனிங், ஹீவுட், டோவன்பி. இந்தத் தோட்டங்களின் பெயர்கள் அரசுப் பதிவுகளிலும் கம்பெனி அறிக்கைகளிலும் தமிழ்ப்பள்ளிப் பலகைகளிலும் கிடைக்கும். அங்கே வாழ்ந்தவர்களின் கதை அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியானபோது தோட்ட ஆபீஸ் அலமாரிகளில் இருந்த செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவு) புத்தகங்களைப் பத்திரப்படுத்த பல இடங்களில் யாரும் இல்லை. மிஞ்சியிருப்பவை கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலும் லண்டன் கியூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ள ஆங்கில ஆவணங்கள், பழைய செய்தித்தாள்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், வயதானவர்களின் நினைவு. அவ்வளவுதான்.

1948 ஜூன் 16 காலை எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க, மலாயா முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. நாடே அறிந்த செய்தி என்பதால் எங்கள் விக்கியின் அவசரகாலப் பக்கத்தைத்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் தேடி வருகிறார்கள். இதை எழுத எடுத்த மூலங்களைப் பாருங்கள்: ஆங்கில நூல்கள், அன்றைய ஆங்கில நாளிதழ்கள், காலனி அரசின் அறிக்கைகள். அன்று காலை ரப்பர் மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் என்ன பார்த்தார், அவசரகாலத்தில் கம்பி வேலிக்குள் அரிசியை எப்படி அளந்து கொடுத்தார்கள் என்பதெல்லாம் வருவது ஒரு சில அடிக்குறிப்புகளில்தான். கட்டுரையின் நடையைப் பார்த்து வாசகருக்கு எது நிர்வாகியின் பார்வை, எது தொழிலாளியின் பார்வை என்று தெரியாது. கீழே உள்ள பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை பார்த்தால் தெரிந்துவிடும். அதனால்தான் பட்டியல் முழுதாகக் கண்ணில் பட வேண்டும் என்கிறேன்.

யார் படிக்கிறார்கள்

பெரும்பாலானவர்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த இணைப்பைத் தொட்டுக் கைப்பேசியில் படிக்கிறார்கள். வரலாற்றுப் பாட இடுபணிக்காக இடைநிலைப்பள்ளி மாணவர்கள் வருகிறார்கள், அவர்களில் பலர் பள்ளிக் கணினியில். ஆலய மலர்க் குழுவினர் பக்கத்தை அப்படியே தாளில் அச்சடித்துக்கொண்டு போய்ப் பேனாவால் குறிப்பெழுதுகிறார்கள். இன்னும் ஒரு கூட்டம் உண்டு: ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தோட்ட எழுத்தர்களாக இருந்த பழைய கிராணிகளும். இவர்கள் கட்டுரையைவிட அடிக்குறிப்பைத்தான் கூர்ந்து படிப்பார்கள். தேதி தவறியிருந்தால் மறுநாள் அழைத்துவிடுவார்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சின்னத் திரை, பெரிய திரை, தாள், மங்கிய கண் என்ற நாலுக்கும் அது சரிப்பட வேண்டும்.

ஒரே வரிசையா, நெடுவரிசைகளா

இப்போது இருப்பது ஒரே வரிசை. கைப்பேசியில் இதில் ஒரு குறையும் இல்லை. அகலமான திரையில்தான் வீணாகிறது. "தமிழ் நேசன், 1955 ஆகஸ்டு" என்று ஒரு சின்னக் குறிப்பு இடது ஓரத்தில் முடிந்துவிட, வலது பக்கம் முழுவதும் வெற்றிடம். நூறு குறிப்பைத் தாண்டிய பக்கத்தில் உருட்டி உருட்டிக் கை வலிக்கும். ஆனாலும் இந்த அமைப்பு அச்சில் கெடாது, பழைய உலாவியிலும் கெடாது. வேறு எதுவும் செய்ய ஆள் இல்லையென்றால் இதிலேயே இருந்துவிடலாம்.

இரண்டு நெடுவரிசை என்று நிரந்தரமாக வைப்பது, கணினியை மட்டும் மனத்தில் வைத்துச் செய்கிற வேலை. 360 பிக்சல் அகலமுள்ள கைப்பேசியில் ஓரங்களையும் நடு இடைவெளியையும் கழித்தால் ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 150 பிக்சல்தான் மிஞ்சும். ஆங்கிலச் சொற்கள் சிறியவை, எப்படியோ அடங்கிவிடும். தமிழில் "தொழிற்சங்கத்தினருக்கும்" என்ற ஒரு சொல்லே வரியை அடைத்துக்கொள்ளும். வரிக்கு ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு என்று குறிப்பு ஒல்லியாகக் கீழே இறங்கும். மிச்சப்படுத்த நினைத்த உயரம் அங்கேயே செலவாகிவிடும். இதை வேண்டாம் என்று சொல்ல இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

மூன்றாவது வழி, எண்ணிக்கையைச் சொல்லாமல் குறைந்தபட்ச அகலத்தை மட்டும் சொல்வது. நம் விக்கியை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் மேற்கோள் வசதியைத் தரும் சைட் (Cite) நீட்சியிலேயே இது இருக்கிறது. பட்டியலில் பத்துக்கு மேல் குறிப்புகள் இருந்தால், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 30 எம் அகலமாவது கிடைக்கும்படி அது தானாகப் பிரிக்கும். எம் என்பது அந்த இடத்தின் எழுத்தளவு. எழுத்து 14 பிக்சல், பட்டியலில் அதில் 90 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 30 எம் என்பது 378 பிக்சல். 360 பிக்சல் கைப்பேசியில் அது அடங்காது, அதனால் ஒரே வரிசையாகவே நிற்கும். மடிக்கணினியில் இரண்டாகப் பிரியும். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் எம்மும் பெரிதாகும், மறுபடியும் ஒரே வரிசைக்கு வந்துவிடும். கண் மங்கியவர்களுக்கு இது பெரிய உதவி, அவர்கள் எந்த அமைப்பையும் தேடிப்போய் மாற்ற வேண்டியதில்லை.

30 எம் நமக்குப் போதுமா என்று மட்டும் யோசிக்க வேண்டும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் நாலைந்து சொல்லாவது இல்லாவிட்டால் படிப்பது தடுக்கித் தடுக்கிப் போகும். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் பக்கத்தில் இதை 35 எம் ஆக்கிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. சோதனைப் பக்கத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். குறிப்பு நாலே நாலு உள்ள சின்னப் பக்கங்களில் எதுவும் பிரியாது, அதுதான் அழகும்கூட.

நெடுவரிசைக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பட்டியல் மிக நீளமாக இருந்தால் முதல் வரிசை திரைக்குக் கீழே வெகுதூரம் போகும். அதைப் படித்து முடித்து, மறுபடி மேலே ஏறி இரண்டாம் வரிசையைத் தொடங்க வேண்டும். பட்டியலை முதலிலிருந்து வரிசையாகப் படிப்பவருக்கு இது தொல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் எண்ணைத் தொட்டு ஒரு குறிப்புக்குத் தாவி, பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தாவிய குறிப்பு வண்ணமிட்டுத் தெரியும் என்பதால் எந்த வரிசையில் இருந்தாலும் கண்டுபிடிப்பது சிரமமில்லை.

பெட்டியும் மடிப்பும்

உருட்டுப் பெட்டி யோசனையைக் கொண்டுவந்தவர்கள் பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் சொன்னார்கள். குறிப்பிட்ட உயரத்தில் ஒரு பெட்டி, அதற்குள் பட்டியல் தனியாக உருளும். பார்க்கக் கச்சிதமாகத்தான் இருக்கும். ஆனால் கைப்பேசியில் பக்கத்தை உருட்டிக்கொண்டே வரும் விரல் பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். பக்கம் நகராது, பெட்டி நகரும். அச்சடித்தால் பெட்டியில் அப்போது தெரிகிற பகுதி மட்டும்தான் தாளில் வரும். ஆலய மலர்க் குழுவினர் எடுத்துப் போகும் தாளில் எண் 63 இருக்கும், 63ஆம் குறிப்பு இருக்காது. ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு கட்டுரைகளில் உருட்டுப் பட்டியலே கூடாது என்று விலக்கிவைத்திருக்கிறது. அச்சும் அணுகுவசதியும்தான் அங்கேயும் காரணம்.

மடித்து மூடிவைப்பது இன்னும் மோசம் என்று நினைக்கிறேன். "மேற்கோள்கள் [காட்டு]" என்று ஒரே வரி. அதைத் தொட்டுத் திறக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்? மூடியிருக்கும்போது கட்டுரையிலிருந்து எண்ணைத் தொட்டால், மடிப்பைத் தானாகத் திறக்கும் நிரல் இல்லாவிட்டால், போய்ச் சேர இடமிருக்காது. திரையில் ஒன்றும் நடக்காத மாதிரி தெரியும். உலாவியின் தேடலில் ஒரு பெயரைப் போட்டால் மூடிய பகுதிக்குள் அது அகப்படாமல் போகலாம். தன் தாத்தாவின் பெயரைத் தேடி வருகிற பேரனுக்கு "இல்லை" என்று பதில் வரலாம். அந்தப் பெயர் உள்ளேயே இருக்கும். நம் விக்கியில் தொழிலாளிகளின் பெயர்கள் அதிகம் வருவது அடிக்குறிப்புகளில்தான் என்னும்போது, அழகுக்காக அந்தப் பெயர்களை மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

தொட்டால் மேலெழும் குறிப்பு

இது நல்ல வசதி, கட்டாயம் வேண்டும். கணினியில் எண்ணின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் சின்னப் பெட்டியில் குறிப்பு தெரியும், கட்டுரையை விட்டு இறங்க வேண்டாம். கைப்பேசிக்கான மினெர்வா தோற்றத்தில் எண்ணைத் தொட்டால் திரையின் அடியிலிருந்து ஒரு தட்டுப்போல் மேலே வரும். படித்துவிட்டு மூடிவிடலாம், படித்துக்கொண்டிருந்த வரி தவறாது. நம் வாசகர்களில் பெரும்பாலானவர்கள் கைப்பேசிக்காரர்கள் என்பதால் இந்த ஒன்றே பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

ஆனால் இது பட்டியலுக்கு மாற்று ஆகாது. "இது வந்துவிட்டால் கீழே பட்டியல் எதற்கு, மடித்துவிடலாமே" என்று ஒருவர் கேட்டார். மேலெழும் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு குறிப்பைத்தான் காட்டும். எல்லாக் குறிப்புகளையும் ஒன்றாகப் பார்த்தால்தான் சில விஷயங்கள் புலப்படும்: ஒரே நூலை நம்பி முழுக் கட்டுரையும் நிற்கிறதா, தமிழ் மூலம் ஒன்றாவது இருக்கிறதா, கடைசியாகச் சேர்த்த ஆதாரம் எந்த ஆண்டுடையது. தாளிலோ சுட்டியும் இல்லை, விரலும் இல்லை. ஆகவே பட்டியலோடு சேர்த்து இதையும் வைப்போம்.

ஒரே நூல், முப்பது பக்கங்கள்

நம் பட்டியல் இவ்வளவு நீள்வதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. அவசரகாலப் பக்கத்தில் ஒரே நூலைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறோம், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்க எண். அதனால் நூலாசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு எல்லாம் ஒவ்வொரு குறிப்பிலும் முழுசாக வருகின்றன. மாறுவது கடைசியில் உள்ள பக்க எண் மட்டும். நெடுவரிசையாக வெட்டினாலும் இந்தப் பாரம் குறையாது. மாற்று வழிகள் நாலு எனக்குத் தெரியும்.

முதலாவது, குறிப்புக்கு ஒரு பெயர் வைத்து, அதே பெயரைத் திரும்ப அழைப்பது. பட்டியலில் நூல் ஒரே தடவை வரும். எழுதுவதற்கு மிகச் சுலபம். ஆனால் பக்க எண் போய்விடும். நானூறு பக்க நூலில் எங்கே என்று சொல்லாமல் விடுவது, சரிபார்க்க வருபவரைக் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதற்குச் சமம். நம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதை ஏற்க மாட்டார்கள், நானும் ஏற்கவில்லை.

இரண்டாவது, கட்டுரைக்குள்ளேயே எண்ணுக்குப் பக்கத்தில் பக்க எண்ணையும் சின்னதாகப் போடும் வார்ப்புரு (பல பக்கங்களில் பயன்படுத்தும் ஆயத்த அச்சு). [5]:212 என்று தெரியும். பட்டியல் குட்டையாகும். ஆனால் வாக்கியத்துக்கு நடுவே எண்களாக நிறைந்துவிடும், இடுபணிக்கு வரும் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே புரியாது.

மூன்றாவது, குறுங்குறிப்பு முறை. கீழே நூற்பட்டியல் ஒன்று தனியாக இருக்கும். குறிப்பில் ஆசிரியர், ஆண்டு, பக்கம் மட்டும் வரும். தொட்டால் நூற்பட்டியலில் உள்ள முழு விவரத்துக்குப் போகும். ஆய்வேடு எழுதிப் பழகியவர்களுக்கு இது பிடிக்கும். பார்க்கவும் தெளிவு. சிக்கல் என்னவென்றால், இதற்கான வார்ப்புருக்களை விக்கிப்பீடியாவிலிருந்து இறக்கினால் அவற்றோடு லூவா என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்களும் வரும், அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும். வாசகரும் இரண்டு தடவை தாவ வேண்டியிருக்கிறது. இன்னொன்று: நம் மூலங்களில் பாதிக்கு ஆசிரியர் பெயரே கிடையாது. கும்பாபிஷேக மலரில் வந்த பெயரில்லாத கட்டுரையை ஆசிரியர், ஆண்டு என்று எப்படிச் சுருக்குவது?

நாலாவது, துணைக் குறிப்பு முறை. விக்கிமீடியா ஜெர்மனியின் தொழில்நுட்பக் குழு உருவாக்கியது. முதன்மைக் குறிப்பை ஒரு தடவை முழுசாக எழுதி, பிறகு ஒவ்வொரு இடத்திலும் அதன் பெயரோடு பக்க விவரத்தை மட்டும் சேர்த்தால் போதும். பட்டியலில் நூல் 5 என்று வரும், அதன் கீழே உள்தள்ளி 5.1, 5.2, 5.3 என்று பக்கங்கள் மட்டும் வரும். கட்டுரையிலும் [5.2] என்றே தெரியும். பக்க எண்ணும் இழக்கவில்லை, நூல் விவரமும் முப்பது தடவை வரவில்லை. நாளிதழ், மலர், பேட்டி எதற்கும் இது பொருந்தும். பேட்டி ஒலிப்பதிவாக இருந்தால் பக்கத்துக்குப் பதில் நிமிடத்தைக் கொடுக்கலாம். மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும், அதில் இந்த வசதியை இயக்கிவைக்கவும் வேண்டும். நாம்தான் எப்படியும் புதுப்பிக்கப் போகிறோமே. என் வாக்கு இதற்குத்தான்.

துணைக் குறிப்பைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே குறிப்பைப் பல இடத்தில் பயன்படுத்தும்போது, பட்டியலிலிருந்து கட்டுரைக்குத் திரும்பும் அம்புக்குறி இணைப்புகள் பழைய அமைப்பில் 5.0, 5.1, 5.2 என்று வந்தன. துணைக் குறிப்பின் எண்ணும் 5.1 என்று வந்தால் குழப்பம்தான். திரும்பும் இணைப்புகள் எழுத்துகளாக வரும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

வாய்மொழிக்குத் தனிப் பட்டியல்

யோசனைப் பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன். இப்போது எல்லாக் குறிப்புகளும் ஒரே வரிசையில் கலந்து கிடக்கின்றன. அரசு அறிக்கை, நாளிதழ், "இந்தத் தோட்டத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு" போன்ற விளக்கக் குறிப்பு, எண்பது வயதுப் பால்வெட்டுக்காரர் சொன்ன நினைவு, எல்லாமே ஒரே வடிவில் ஒன்றன்கீழ் ஒன்று. சைட் நீட்சியில் குறிப்புகளைக் குழுக்களாகப் பிரிக்கலாம், ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பட்டியல் வரும். மூன்று குழு போதும்: மூலங்கள், விளக்கங்கள், வாய்மொழி.

விக்கிப்பீடியாவில் வாய்மொழிக்கு இப்படி இடம் கிடைக்காது. அங்கே மெய்யறிதன்மை, அதாவது எழுதியதைச் சரிபார்க்க முடிவது, என்பது வெளியிடப்பட்ட மூலத்தைச் சார்ந்தது. உலகம் முழுவதும் எழுதித் திருத்துகிற இடத்தில் அது நியாயமான விதி. நம்முடையது ஓர் ஊரின் விக்கி. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுபோனது. அச்சில் வந்ததை மட்டும் நம்பினால் தோட்ட வாழ்க்கையில் பெரும்பகுதியை நாம் எழுதவே முடியாது. ஆனால் வாய்மொழியை வாய்மொழி என்று தெளிவாகச் சொல்லிக் காட்ட வேண்டும். அரசு அறிக்கையோடு கலந்து வைத்தால் இரண்டுக்கும் கெடுதல். சந்தேகத்தோடு படிப்பவர் அறிக்கையையும் சந்தேகிப்பார், நம்பிப் படிப்பவர் நினைவைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வார்.

ஹீவுட் பக்கத்துக்குப் பேட்டி கொடுத்த ஒரு பாட்டியிடம் பேரன் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கிறான். "நான் சொன்னது எங்கய்யா இருக்கு?" என்று கேட்டாராம். அவன் தேடித் தேடி, நாளிதழ்களுக்கு நடுவே நாற்பதாவதோ என்னவோ ஒரு குறிப்பில் கண்டுபிடித்தான். அந்தப் பாட்டியின் கேள்விக்கு ஒழுங்கான பதில், "வாய்மொழி" என்ற தலைப்பின் கீழ் அவர் சொன்னது, எந்தத் தோட்டம், என்ன வேலை, எந்த ஆண்டு பதிவானது என்ற விவரத்தோடு நிற்பதுதான்.

செய்வதும் கடினமில்லை. மூலங்களுக்கு 1, 2, 3 இருக்கட்டும். விளக்கங்களுக்கு அ, ஆ, இ வைக்கலாம், அதற்கென்று உள்ள மீடியாவிக்கிச் செய்திப் பக்கத்தில் எழுத்துகளை வரிசையாக எழுதிவைத்தால் கட்டுரையில் அப்படியே வரும். பட்டியலிலும் அதே எழுத்து வர சிஎஸ்எஸில் சில வரிகள் சேர்க்க வேண்டும். உயிரெழுத்து பன்னிரண்டோடு நிறுத்தினால் பதின்மூன்றாவது விளக்கத்தில் பிழைச்செய்தி வந்துவிடும், ஆகவே க, ங, ச என்று தொடர்ந்து எழுதிவைப்பது நல்லது. வாய்மொழிக்கு "வாய் 1", "வாய் 2" என்றே இருக்கலாம். மூன்று குழுவுக்கு மேல் போக வேண்டாம், தலைப்புகளே ஒரு திரையை எடுத்துக்கொள்ளும்.

சின்னச் சின்ன வேலைகள்

நெடுவரிசை எவ்வளவு சரியாக வைத்தாலும் ஒரு நீண்ட இணைய முகவரி அதைக் கெடுத்துவிடும். தமிழ் முகவரியை உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் %, எண், எழுத்து என்று மாறி ஒன்பது இடத்தைப் பிடிக்கும். "சுங்கை சிப்புட்" என்ற பெயரே அடிக்கோட்டோடு 127 இடம். அது உடையாமல் ஒரே நீளமாக ஓடிப் பக்கத்து நெடுவரிசையின் மேல் ஏறும். முகவரியை வெறுமனே விடாமல் தலைப்புக்குப் பின்னால் இணைப்பாக வைப்பதே தீர்வு. ஏற்கெனவே உள்ளவற்றுக்கு, எங்கு வேண்டுமானாலும் வரியை உடைக்கலாம் என்று சிஎஸ்எஸில் ஒரு வரி போட்டால் சமாளிக்கும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தொகுப்பிலிருந்து எடுக்கும்போது தேதியையும் பக்க எண்ணையும் கட்டாயம் எழுத வேண்டும். இணைப்பு என்றாவது மாறினாலும் யாரும் தேடிப் போய்விடலாம்.

எழுத்தளவை 90 விழுக்காட்டுக்குக் கீழே குறைக்க வேண்டாம். தமிழில் புள்ளியும் சுழியும் சின்ன எழுத்தில் கரைந்துவிடும்.

சரி, எந்த வரிசையில் தொடங்கலாம்? புதுப்பித்த அன்றே அகலத்துக்கு ஏற்பப் பிரியும் நெடுவரிசையையும் மேலெழும் குறிப்பையும் இயக்கிவிடலாம், அவற்றுக்குக் கட்டுரைகளைத் தொட வேண்டியதில்லை. துணைக் குறிப்பு முறையை முதலில் அவசரகாலப் பக்கத்தில் மட்டும் செய்து பார்ப்போம். பிறகு மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பக்கம். அவர் இந்த ஊரில் 1919 ஜூன் 16 அன்று பிறந்தவர், 1960இல் தோட்டத் துண்டாடலை (பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பதை) எதிர்கொள்ளத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானதில் முன்னின்றவர். அந்தப் பக்கத்திலும் இரண்டு மூன்று நூல்களே திரும்பத் திரும்ப வருகின்றன. மற்றப் பக்கங்கள் மெல்ல வரட்டும்.

வாய்மொழிப் பிரிவை மட்டும் கணினி முன்னால் உட்கார்ந்து முடித்துவிட முடியாது. நாற்பதாவது குறிப்பில் ஒளிந்திருந்த ஒரு பெயரைத் தலைப்புப் போட்டு முன்னால் கொண்டுவருவதற்கு முன், சொன்னவர்களிடம் நேரில் போய்ப் பெயர் வரலாமா, தோட்டமும் வேலையும் மட்டும் போதுமா என்று கேட்க வேண்டும். காலமாகிவிட்டவர்களுக்குப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். ஹீவுட் பக்கம் நான் போகிறேன். கமுனிங்குக்கும் டோவன்பிக்கும் இன்னும் இரண்டு பேர் வேண்டும், பழைய லயக்காரர்கள் இப்போது எந்தத் தாமானில் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது.